வள்ளி: ஒரு கொடிப்பெயரின் வரலாறு

பறம்பு மலையை மூவேந்தரும் முற்றியிருந்த சூழலில் கபிலர் பாடிய புறநானூற்றின் 109ஆம் பாட்டு, உழவர் உழாமலே அம்மலை தரும் விளைபொருள்கள் நான்கினை எண்ணிக் காட்டுகிறது. மூங்கில் நெல், பலா, தேன் என்பவற்றோடு வள்ளிக்கிழங்கும் அவற்றுள் ஒன்று. இக்கிழங்கினை இக்கால உரைகளும் மொழிபெயர்ப்புகளும் சில இடங்களில் சர்க்கரைவள்ளி எனக் கொள்கின்றன. சர்க்கரைவள்ளி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின்னரே இந்நாட்டில் பரவியது. பாரியின் மலையில் அது விளைந்திருக்க இயலாது.

கபிலர் சுட்டும் வள்ளி, தாவரவியலார் டயோஸ்கோரியா என வழங்கும் இனத்தைச் சார்ந்த கொடி எனக் கொள்வதே பொருந்தும். காட்டில் தானே வளரும் வகைகள் பலவும், தோட்டத்தில் வளர்க்கப்பெறும் வகைகள் சிலவும் இவ்வினத்தில் உண்டு. குழி தோண்டி, மட்கிய எருவும் மண்ணும் இட்டு நிரப்பி, தோலோடு கூடிய கிழங்குத் துண்டினை நடுவர். மழையோடு முளைக்கும் கொடி முட்டுக்கோலையோ மரத்தையோ சுற்றி ஏறும். பெருவள்ளி வலமாகவும் சிறுவள்ளி இடமாகவும் சுற்றுவது இவ்விரண்டையும் பிரித்தறியப் பயன்படும் அடையாளம். எட்டு முதல் பத்துத் திங்களில் இலை பழுத்துக் கொடி காயும். கிழங்கோ மண்ணுக்குள் கெடாமல் கிடக்கும். அகழும்போது கிழங்கின் தலைப்பகுதியைக் குழியிலேயே விட்டுவைத்தால் அடுத்த மழைக்கு மீண்டும் துளிர்க்கும். முற்றுகைக்கு உட்பட்ட மலைக்கு இத்தகைய கிழங்கு எத்துணைப் பெரிய களஞ்சியம் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இனி, சொல்லுக்கு வருவோம். வள்ளி என்பது கொடியையும் குறிக்கும். (வடமொழி 'வல்லீ'யோடு இதற்குள்ள உறவு தனி ஆய்வுக்குரியது, இங்கு அதனுள் புகவில்லை.) புதிதாக வந்த பயிரும் கொடியாகப் படர்ந்து கிழங்கு தந்தமையால், சுவை பற்றிய அடை ஒன்றைச் சேர்த்துச் சர்க்கரைவள்ளி என்றனர். இதில் பொருள் முரண் இல்லை. மரவள்ளி என்னும் ஆக்கமே கருதத்தக்கது. அதுவும் அமெரிக்கப் பயிரே. ஆனால் நிமிர்ந்து நிற்கும் செடி. மரமும் கொடியும் ஒரு சொல்லில் இணைந்து நிற்க வேண்டுமாயின், 'கொடி' என்னும் பொருட்கூறு வள்ளியிலிருந்து முன்னமே நீங்கி, 'கிழங்கு தருவது' என்பது மட்டும் எஞ்சியிருக்க வேண்டும்.

கன்னடத்தில் இந்நெருக்கடி எழவில்லை. அங்கு சர்க்கரைவள்ளி 'சிகி கெணசு', மரவள்ளி 'மர கெணசு'. கெணசு கிழங்கைக் குறிக்கும் சொல்லாதலால் இரண்டு அடைகளும் இயல்பாகப் பொருந்துகின்றன. மலையாளத்தின் 'மரச்சீனி'யிலும் வள்ளி இல்லை. குமரி மாவட்டத் தமிழிலும் அச்சொல்லே வழங்குகிறது. தமிழில் மட்டும் வந்த பயிர்கள் பெயரைப் பெற்றுக்கொள்ள, பெயருக்குரிய கொடி பெருவள்ளி, சிறுவள்ளி, காட்டுவள்ளி என அடையின்றி வழங்க இயலாத நிலையை எய்தியது. மொழிபெயர்ப்பாளருக்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. வள்ளியை ஆங்கிலத்தில் 'யாம்' எனப் பெயர்ப்பது சரியே. ஆயினும் அமெரிக்கப் பேச்சு வழக்கில் அச்சொல் சர்க்கரைவள்ளியையும் குறிப்பதால் பிழை வேறு வழியில் திரும்பி வரக்கூடும்.

நூல்கள் தரும் அகச்சான்று ஒன்று உண்டு: அது குழி. குறுந்தொகை 233இல், கவலைக்கிழங்கு அகழ்ந்த அகன்ற வாயையுடைய குழியில் கொன்றைப்பூ நிறைந்து கிடக்கும் காட்சி, செல்வரின் மூடி திறந்த பொற்பேழைக்கு உவமிக்கப்படுகிறது. கவலையும் இவ்வினக் கொடியே எனக் கருத இடமுண்டு. கந்தபுராணத்திலோ வேடுவர் குழந்தையைக் கண்டெடுப்பது வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில். அதனாலேயே அவள் பெயர் வள்ளி. சர்க்கரைவள்ளி மேல்மண்ணிலேயே கிழங்கு வைக்கும். அதனை எடுத்த இடத்தில் மண் கிளறப்பட்டிருக்குமே தவிர, ஒரு குழந்தை கிடக்குமளவு குழி இராது.