தீப்பெட்டியில் ஒட்டிய சர்க்கார் தாள்

சிவகாசி தீப்பெட்டிக்கு ஒரு காலத்தில் சர்க்கார் முத்திரை இருந்தது. 1922-இல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். ஊருக்குத் திரும்பி அவர்கள் தொடங்கிய தொழில் காலூன்றிய சில வருஷங்களில், 1934-இல், பிரிட்டிஷ் அரசு தீப்பெட்டிக்குக் கலால் வரி போட்டது. வரி கட்டியதற்கு அடையாளம் பேண்ட்ரோல் என்ற ஒரு துண்டுத் தாள். அதைக் கிழிக்காமல் பெட்டியைத் திறக்க முடியாதபடி ஒட்ட வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தத் தாள் வரிக்கு மட்டுமே சாட்சி. உள்ளே எத்தனை குச்சி, எந்த மருந்து என்றெல்லாம் அதைக் கேட்க முடியாது.

1976-இல் டிஃபியும் ஹெல்மனும் முன்வைத்த யோசனை இதைத் தலைகீழாக்கியது. ஒருவருக்கு இரண்டு சாவி: ஒன்று ரகசியம், இன்னொன்று ஊரறிந்தது. எனக்கு வரும் மின்னஞ்சலை என் பொதுச் சாவியால் யாரும் பூட்டலாம். திறக்க என் ரகசியச் சாவி வேண்டும். கையெழுத்தில் இது மாறிவரும். ரகசியச் சாவியால் நான் இடுவதை, பொதுச் சாவி உள்ள எவரும் சரிபார்க்கலாம். கடிதத்தில் ஒரு புள்ளி மாறினாலும் கையெழுத்து செல்லாது. முத்திரை உறையில் இல்லை, சரக்கோடு பிணைந்திருக்கிறது. இந்தியாவில் இதற்குச் சட்டத் தகுதி தந்தது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம்.

நடைமுறையில் என்ன? ரகசியச் சாவி இருக்கும் டோக்கனைச் சின்ன முதலாளிகள் பலர் கையிலேயே வைத்திருப்பதில்லை. கேட்டால், "அது ஆடிட்டர்கிட்டதான் கெடக்கு, அவரே போட்டுருவாரு" என்பார்கள். கைநாட்டு வைக்கும் கட்டைவிரலை வெட்டி அடுத்தவரிடம் கொடுத்துவைப்பது மாதிரிதான் இது.

பட்டாசுக்கு வருவோம். 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்து, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் வழிவிட்டது. பெட்டிகளில் க்யூஆர் கோடு ஏறியது. 2021 அக்டோபர் 29-இல் அதே நீதிமன்றம், பசுமைப் பட்டாசுப் பெட்டிகளின் க்யூஆர் கோடுகளே போலி என்று புகார் இருப்பதைத் தன் உத்தரவில் குறிப்பிட்டது. எனக்கு இதில் வியப்பில்லை. க்யூஆர் கோடு வெறும் படம். நாடு முழுக்கக் காலண்டர் அச்சடித்து அனுப்பும் ஊரில் படம் அடிப்பதா கஷ்டம்? (ஊரைக் குறை சொல்லவில்லை, எந்த அச்சகத்திலும் முடியும்.)

அந்தக் கோட்டுக்குள் உண்மையான டிஜிட்டல் கையெழுத்தே இருந்தாலும், நகலெடுத்து வேறு பெட்டியில் ஒட்டினால் அது சரி என்றுதான் சொல்லும். கையெழுத்து எழுத்தைக் காக்கும், மருந்தைக் காக்காது. பேண்ட்ரோலின் பழைய ஓட்டை அப்படியே இருக்கிறது. இடையில் மாட்டிக்கொள்பவர், பேரியம் இல்லாத கலவையைச் சோதனைக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கிய உற்பத்தியாளர். கடைப் பலகையில் அவருடைய பெட்டியும் போலிப் பெட்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. போனைக் காட்டினால் இரண்டும் ஒரே பதிலைச் சொல்கின்றன; விலை மட்டும் வேறு.