பெயர் மாறிய கப்பல்

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று நம் தீயணைப்பு நிலையங்களில் மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்துவார்கள். 1944-ல் அந்த நாளில்தான் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிவந்த ‘ஃபோர்ட் ஸ்டைகின்’ என்ற கப்பல் வெடித்தது. தீயை அணைக்கப் போன 66 வீரர்கள் மாண்டார்கள்.

சரியாக மூன்று ஆண்டும் இரண்டு நாளும் கழித்து, அமெரிக்காவின் டெக்ஸாஸ் சிட்டி துறைமுகத்தில் இன்னொரு கப்பல் வெடித்தது. அப்போது போர் முடிந்திருந்தது. கப்பலில் இருந்தவை உர மூட்டைகள். இந்தக் கப்பலின் கதை நம்மில் பலருக்குத் தெரியாது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டே இருந்தன. ஈடுகட்ட அமெரிக்கா ஒரே மாதிரியில் 2,710 ‘லிபர்ட்டி’ கப்பல்களைக் கட்டியது. ஒவ்வொன்றும் 441 அடி நீளம். வேகம் மணிக்கு 11 கடல் மைல்தான். ரிவெட் அடிப்பதைக் குறைத்து வெல்டிங் செய்ததால் வேலை விரைவாக நடந்தது. ஒரு கப்பலை ஐந்தே நாளுக்குள் கட்டிக் காட்டினார்கள்.

அவற்றில் ஒன்று, 1942-ல் லாஸ் ஏஞ்சலஸில் கட்டிய ‘பெஞ்சமின் ஆர். கர்டிஸ்’. கர்டிஸ் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி. 1857-ல் ட்ரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில், பெரும்பான்மை நீதிபதிகளுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதியவர்.

போர் முடிந்ததும் இத்தனை கப்பல்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1946-ல் ஒரு சட்டம் இயற்றி, உள்நாட்டுக் கம்பெனிகளுக்கும் வெளிநாடுகளுக்கும் விற்றார்கள். கிரேக்க முதலாளிகள் மட்டும் 100 கப்பல்களை வாங்கினார்கள். ‘கர்டிஸ்’ பிரான்சுக்குப் போய் ‘கிராண்ட்கேம்ப்’ என்ற புதுப் பெயருடன் வியாபாரக் கப்பல் ஆனது.

கப்பலைப் போலவே சரக்குக்கும் பெயர் மாறியிருந்தது. போர்க்காலத்தில் வெடிகுண்டுக்காக அம்மோனியம் நைட்ரேட் செய்த ஆலைகளே, இப்போது ஐரோப்பாவின் வயல்களுக்கு உரமாக அதைத் தயாரித்தன. காகிதப் பைகளில் கட்டி ரயிலில் அனுப்பினார்கள். துறைமுகத்துக் கூலிகளுக்கு அது வெறும் உர மூட்டை.

1947 ஏப்ரல் 16 காலை எட்டு மணி. சுமார் 2,300 டன் ஏற்றியிருந்த நிலையில், கப்பலின் அடித்தளத்தில் புகை தெரிந்தது. தண்ணீர் அடித்தால் சரக்கு பாழாகிவிடும் என்று, மூடிகளை இறுக அடைத்து உள்ளே நீராவியைச் செலுத்தச் சொன்னார் கேப்டன். சாதாரணத் தீ என்றால் அதுவே முறை. காற்று போகாவிட்டால் நெருப்பு அணைந்துவிடும். ஆனால் அம்மோனியம் நைட்ரேட்டுக்கு வெளிக்காற்று வேண்டாம். தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. மூடிவைத்த அறையில் சூடுதான் ஏறியது.

நிறம் நிறமாக எழுந்த புகையை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. 9 மணி 12 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்தது. இரண்டு டன் நங்கூரம் ஒன்றரை மைலுக்கு அப்பால் போய் விழுந்தது. அருகில் நின்ற ‘ஹை ஃப்ளையர்’ கப்பலும் அன்று நள்ளிரவுக்குப் பின் வெடித்தது. இறந்தவர்கள் குறைந்தது 581 பேர். ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருந்த 28 பேரில் ஒருவரே மிஞ்சினார்.

குடும்பங்கள் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டன. 1953-ல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில், அரசு பொறுப்பல்ல என்றது. கர்டிஸ் அமர்ந்திருந்த அதே நீதிமன்றம். இம்முறையும் மாறுபட்ட நீதிபதிகளின் பேச்சு எடுபடவில்லை. பிறகு 1955-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றித்தான் நஷ்டஈடு கொடுத்தது.

2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தை அழித்ததும் இதே அம்மோனியம் நைட்ரேட்தான். அதற்குப் பிறகுதான், சென்னை மணலியில் 2015 முதல் சுங்கத் துறையின் பிடியில் கிடந்த சுமார் 700 டன்னின் நினைவு வந்து, அவசரமாக ஹைதராபாத்துக்கு லாரிகளில் அனுப்பினார்கள்.

கப்பலுக்குப் புதுப் பெயர் வைக்கலாம். மூட்டையின் மேல் உரம் என்று எழுதலாம். உள்ளே இருப்பதன் குணம் அதனால் மாறிவிடுவதில்லை. அதைத் தூக்குகிறவனுக்கும் அணைக்க வருகிறவனுக்கும் அது இன்னதென்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.