புராஸ்டாசைக்ளின்

நுரையீரல் தமனியில் ரத்த அழுத்தம் ஏறும் நோய்க்குத் தரும் மருந்தின் பெயரில் புராஸ்டேட்டுக்கு என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. விந்துநீரில் கண்ட ஒரு கொழுப்புப் பொருள் புராஸ்டேட்டில் சுரப்பதாக எண்ணி, 1935இல் ஸ்வீடனின் உல்ஃப் வான் ஆய்லர் 'புராஸ்டாகிளாண்டின்' என்று பெயர் வைத்தார். பெரும்பகுதி வருவது பக்கத்திலுள்ள விந்துப்பையிலிருந்து. பிழை தெரிந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது.

1976இல் ஜான் வேன், சல்வடோர் மொன்காடா குழுவினர் ரத்தக்குழாய்ச் சுவரில் அதே குடும்பத்துப் பொருள் ஒன்றைக் கண்டார்கள். மூலக்கூறில் கூடுதலாக ஒரு வளையம், அதனால் 'சைக்ளின்'. இது குழாயை விரிக்கும், தட்டணுக்களைத் திரளவிடாது. இதன் பங்காளி திராம்பாக்சேன் நேர் எதிர்: குழாயைச் சுருக்கும். இருவரும் பிறப்பது ஒரே கொழுப்பு அமிலத்திலிருந்துதான். நுரையீரல் தமனி அழுத்த நோயில் முன்னது குறைகிறது, பின்னது ஓங்குகிறது.

குறைந்த புராஸ்டாசைக்ளினை மருந்தாக ஏற்றினாலும் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். எனவே நெஞ்சில் பொருத்திய குழாய் வழியே, கூடவே சுமக்கும் சிறு பம்பு இரவும் பகலும் செலுத்தியபடி இருக்க வேண்டும்.

இப்பெயரைத் தமிழாக்க முனையாதீர்கள். ஆய்லரின் பிழையையும் சேர்த்தே தமிழாக்க வேண்டிவரும்.