பூட்டை ஒளிச்சு வெச்சா போதுமா?

ரயில் நிலையத்துல 'டிங்'னு ஒரு அட்டையைக் காட்டிட்டு உள்ளே போறோமே, அதுக்குள்ள பேட்டரி கிடையாதுங்க. ரீடர் வீசுற ரேடியோ அலையிலிருந்து கிடைக்குற துளியூண்டு மின்சாரத்துலதான் அந்தச் சில்லு வேலை செய்யுது. கம்ப்யூட்டருக்குன்னு செஞ்ச பெரிய சங்கேத முறைகளை அன்னைக்கு அதுல திணிக்க இடமும் இல்லை, தெம்பும் இல்லை. அப்போ பூட்டையே சின்னதாக்கணும்.

அப்படி 1990-களில் வந்ததுதான் மைஃபேர் கிளாசிக் அட்டை. அதுல இருந்த பூட்டுக்குப் பேரு கிரிப்டோ-1. சாவியின் நீளம் வெறும் 48 பிட். இந்த முறை எப்படி வேலை செய்யுதுன்னு தயாரிப்பாளர்கள் வெளியே சொல்லவே இல்லை. 'தெரிஞ்சாத்தானே உடைப்பான்' என்கிற நம்பிக்கை. லண்டனின் ஆய்ஸ்டர் அட்டை, நெதர்லாந்தின் போக்குவரத்து அட்டை எல்லாம் இதை நம்பித்தான் வந்தன.

2007 டிசம்பர். பெர்லினில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில் கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் ப்ளாட்ஸ் இருவரும் மேடையேறினார்கள். சில்லை அடுக்கடுக்காச் சுரண்டி, நுண்ணோக்கியில் படம் பிடிச்சு, சுற்றமைப்பைப் படிச்சிருந்தாங்க! அதுல ஒரு கூத்து: தற்செயலா வரவேண்டிய எண் 16 பிட் மட்டுமே. அதுவும் சில்லுக்கு மின்சாரம் வந்து எவ்வளவு நேரமாச்சு என்பதைப் பொறுத்தது. நேரத்தைச் சரியாப் பிடிச்சா அதே எண் திரும்ப வரும்.

2008-ல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அட்டையை உடைத்துக் காட்டினார்கள். கட்டுரையை வெளியிடக் கூடாதுன்னு சில்லு தயாரிக்கும் என்எக்ஸ்பி நிறுவனம் கோர்ட்டுக்குப் போச்சு. ஜூலை 18 அன்று ஆர்னெம் நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது. நஷ்டம் வந்தால் அதற்குக் காரணம் கட்டுரை இல்லை, குறையுள்ள சில்லை விற்றதுதான் என்பது தீர்ப்பின் சாரம். அக்டோபரில் கட்டுரை வெளிவந்தது.

'சின்னப் பூட்டுன்னா அப்படித்தான்'னு நினைக்காதீங்க. 2007-லேயே 'பிரசன்ட்' என்றொரு முறை வந்தது. 80 பிட் சாவி, சுமார் 1,570 கேட் இருந்தாலே போதும். ஆனா அதன் முழு வடிவமும் எல்லாரும் பார்க்கக் கிடைத்தது. அப்புறம் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் சின்னக் கருவிகளுக்குன்னே போட்டி வைத்தது. 57 முறைகள் வந்தன. உலகமே வருஷக்கணக்கா அவற்றை உடைக்கப் பார்த்தது. 2023-ல் தேர்வானது, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து ஆய்வாளர்கள் பங்கெடுத்து 2014-ல் உருவாக்கிய 'அஸ்கான்'. 2025 ஆகஸ்டில் அது தரநிலையாகவும் ஆயிடுச்சு.

சாவி மட்டும் ரகசியமா இருந்தா போதும், பூட்டு எதிரி கையில் கிடைச்சாலும் பரவாயில்லைன்னு கெர்க்காஃப்ஸ் 1883-லேயே எழுதிட்டார். 1990-களில் இந்த அட்டையைச் செஞ்சவங்க அதைக் காதில் வாங்கலை. அந்தக் கோர்ட்டு மட்டும் வேற மாதிரி சொல்லியிருந்தா? ஓட்டை அப்படியேதான் இருந்திருக்கும். திருடனுக்குத் தெரிஞ்சிருக்கும், அட்டையை வெச்சிருக்கற நமக்குத்தான் தெரிஞ்சிருக்காது.

நீங்க என்ன நினைக்கிறீங்க மக்களே?