அவள் எழுதிய அறிக்கை

ஜான் கிரிஷாமின் நாவலை ஆலன் ஜே. பக்குலா 1993இல் 'தி பெலிக்கன் பிரீஃப்' என்று படமாக்கினார். விமர்சகர்கள் அதை அவருடைய 1976ஆம் ஆண்டுப் படமான 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்' பக்கத்தில் வைத்துக் குறைவாக மதிப்பிட்டார்கள். ஜூலியா ராபர்ட்சுக்கும் டென்சல் வாஷிங்டனுக்கும் இடையே காதல் ஏன் இல்லை என்ற பேச்சு பல ஆண்டுகள் நீடித்தது. அந்தக் கேள்விக்குள் ஹாலிவுட்டின் நிறப்பாகுபாடு இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. என் கேள்வி வேறு. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் கொல்லப்பட்டதன் காரணத்தை நூலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடிப்பவள் ஒரு சட்ட மாணவி. எழுதியதற்காகவே வேட்டையாடப்படுகிறாள். படத்தின் பெயரே அவளுடைய அறிக்கைதான். ஆனாலும் பேச்சில் மிஞ்சியது அவள் பெறாத முத்தம். பெண்ணின் அறிவு கதையையே நகர்த்தினாலும், நாம் தேடுவது காதலைத்தானா?