குடிவழி மரமும் கதைமாந்தரும்

புதினத்தில் மாந்தர் தொகை பெருகும்போது, அவர்தம் உறவுகளைப் படமாக வரைந்து காணும் தேவை படிப்போர்க்கும் படைப்போர்க்கும் எழுகிறது. 'மன வரைபடம்' என இன்று வகுப்பறைகளில் வழங்கும் முறையை டோனி புசான் 1974-இல் பி.பி.சி. தொலைக்காட்சித் தொடர் வாயிலாகப் பரப்பினார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி ஜோலா தம் கதைமாந்தரை ஒரு மரத்தில் ஏற்றிவைத்திருந்தார். அம்மரம் அவருக்குத் துணைநின்றதைவிட, அவரோடு முரண்பட்ட வரலாறே சுவை மிக்கது.

ஜோலாவின் 'ரூகோன்-மக்கார்' வரிசை 1871 முதல் 1893 வரை வெளிவந்த 20 புதினங்களால் ஆனது. இரண்டாம் பேரரசுக் காலத்துப் (1852–1870) பிரான்சை ஒரே குடும்பத்தின் வழியே காட்டுவது அவர் நோக்கம். அடெலாய்ட் ஃபூக் என்னும் பெண்ணே வேர். கணவன் ரூகோன் வழி ஒரு கிளை. காதலன் மக்கார் வழி பிறிதொரு கிளை. மரபுவழி பற்றி மருத்துவர் புரோஸ்பர் லூக்கா எழுதிய நூலைக் கற்ற ஜோலா, ஒவ்வொருவர் பெயரோடும் பிறந்த ஆண்டு, பெற்றோர் சாயல், நோய், தொழில் ஆகியவற்றைக் குறித்தார். 1878-இல் அம்மரத்தை அச்சிட்டபோது, அது 1868-இலேயே வரையப்பட்டது என்றும் அறிவித்தார். எஞ்சியுள்ள தொடக்க கால வரைவுகள் வேறுபடுவதால், அக்கூற்றை அப்படியே ஏற்றல் அரிது. படைப்பாளர் தம் திட்டத்தைப் பற்றிக் கூறுவன பலவும் இத்தகையனவே.

சிக்கல் எத்தியேன் லாந்தியேவால் வந்தது. 'லசொம்வார்' (1877) புதினத்தில் சலவைத் தொழிலாளி ஜெர்வேஸ் பாரிசில் துன்புறும்போது அவளுடன் இருப்போர் குளோத், எத்தியேன் என்னும் இரு சிறுவர் மட்டுமே. ஒருவனுக்கு எட்டு வயது, மற்றவனுக்கு நான்கு. குடியின் மரபு கொலைவெறியாகத் திரிவதை எத்தியேனிடம் காட்டுவதே திட்டம். 1878-இன் மரமும் அவனை அவ்வாறே குறிக்கிறது. ஆனால் 'ஜெர்மினல்' (1885) எழுதப்பட்டபோது அவன் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்துபவனாக வளர்ந்துவிட்டான். அத்தகையவனை மீண்டும் கொலைகாரனாக்க ஜோலாவுக்கு மனம் ஒப்பவில்லை போலும். எனினும் இருப்புப்பாதை பற்றிய கொலைக்கதை எஞ்சி நின்றது.

அதற்கு ஜோலா கண்ட வழி துணிச்சலானது. 'மனித விலங்கு' (1890) புதினத்தில் ரயில் எஞ்சின் ஓட்டுநனாக ழாக் என்னும் மூன்றாம் மகன் தோன்றுகிறான். பெற்றோர் பாரிசுக்குச் சென்றபோது ஞானத்தாய் பாசியிடம் விடப்பட்டவன் என்று காரணம் கூறப்படுகிறது. அண்ணன் பிறந்தது 1842, தம்பி பிறந்தது 1846. இடையில் இருந்த வெற்றிடத்தில், 1844-இல், ழாக் பிறந்தவனாகிறான். ஆண்டுக் கணக்கு பிசகவில்லை. ஆயினும் 'லசொம்வார்' படித்துத் தம் கையால் உறவுப்படம் வரைந்துகொண்ட வாசகர் திகைத்திருப்பர். அப்புதினத்தில் ஜெர்வேஸ் இம்மகனை ஒரு முறையேனும் நினைப்பதில்லை. எத்தியேனோ முற்றிலும் தப்பவில்லை. 'ஜெர்மினலில்' குடித்தால் கொல்லத் தோன்றும் வேட்கை அவனுக்கு உண்டு. இறுதியில் சுரங்கத்தினுள் ஷவாலைக் கொன்றும் விடுகிறான். பழைய வரைபடத்தின் தழும்பு அது.

திருத்திய மரம் வரிசையின் இறுதி நூலான 'டாக்டர் பாஸ்கல்' (1893) புதினத்தோடு வெளிவந்தது. அங்கே மரமே கதைப்பொருளாகிவிடுகிறது. தம் குடும்பத்தாரைப் பற்றி மருத்துவர் பாஸ்கல் ஆண்டுக்கணக்கில் சேர்த்த ஏடுகள் ஒரு நிலைப்பேழையில் உள்ளன. குடிப்பெருமையைக் காக்க விழையும் தாய் ஃபெலிசித்தே அவற்றை அழிக்கக் காத்திருக்கிறாள். உயிர் பிரியும் தறுவாயில் பாஸ்கல் தட்டுத் தடுமாறி எழுந்து, மரத்தில் தம் இறப்பைத் தாமே எழுதுகிறார். குளோத்தில்து தம் மூலம் ஈனவிருக்கும் மகவுக்கும் ஓரிடம் குறிக்கிறார். அன்றிரவே ஏடுகள் நெருப்புக்கு இரையாகின்றன. மரம் மட்டும் எஞ்சுகிறது. அதன் கடைசி இலையில், 1874-இல் பிறக்கவிருக்கும் அக்குழந்தைக்குப் பெயர் இல்லை. அது எத்தகையதாக இருக்கும் என்னும் வினா மட்டுமே அச்சிடப்பட்டுள்ளது.