கம்போங் அட்மிரல்டி

கம்போங் அட்மிரல்டி என்பது சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில், அட்மிரல்டி எம்ஆர்டி நிலையத்தை ஒட்டியுள்ள ஒருங்கிணைந்த பொதுக் குடியிருப்பு வளாகம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்காக வோஹா கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த இது 2017இல் கட்டி முடிக்கப்பட்டது.

நிலப்பரப்பு ஏறத்தாழ 0.9 ஹெக்டேர், உயர வரம்பு 45 மீட்டர். இந்த இடநெருக்கடியே வடிவத்தைத் தீர்மானித்தது. வழக்கமாகத் தனித்தனி மனைகளில் எழும் வசதிகள் இங்கே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. தரைத்தளத்தில் காற்றோட்டமும் நிழலும் உள்ள சமூகத் திடல். அதற்கு மேல் உணவங்காடி நிலையம். அதன் மேல் மருத்துவ நிலையம். அதற்கும் மேலே படிப்படியாக உயரும் கூரைப் பூங்கா. மூத்தோருக்கான 104 வீடுகள், 11 மாடிகள் கொண்ட இரண்டு தொகுதிகளில் உள்ளன.

பூங்கா வெறும் அலங்காரமன்று. பழமரங்கள் நிற்கும் அங்கே குடியிருப்போரே பயிரிடும் சமூகத் தோட்டமும் உண்டு. சேகரித்து வடிகட்டிய மழைநீர் செடிகளுக்குப் பாய்கிறது. பசுமைப் பரப்பு மொத்தமாக, கட்டடம் எடுத்துக்கொண்ட மனையையே விஞ்சுகிறது. முதியோர் நிலையமும் பாலர் பராமரிப்பு நிலையமும் அருகருகே அமைந்தது தற்செயலன்று; தலைமுறைகள் கலந்து பழகுவதற்காகத் திட்டமிட்ட ஏற்பாடு அது.

2018இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலகக் கட்டடக்கலை விழாவில் இவ்வளாகம் ஆண்டின் சிறந்த கட்டடமாகத் தேர்வானது. பரிசு பெற்றது ஆடம்பர மாளிகையன்று, அரசு வீடமைப்புத் திட்டம் என்பது கவனத்துக்குரியது.